நம்பிக்கையைக் கேள்வி கேட்பது நல்லதா? முதலில் விலை கொடுப்பவர் யார் என்று பாருங்கள்

கேள்வி இதுதான்: மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வரும் மத நம்பிக்கைகளையும் மரபுகளையும் எதிர்த்துக் கேள்வி கேட்பது நல்ல காரியமா, வேண்டாத வம்பா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த நம்பிக்கையாக இருந்தாலும் அதைக் கேள்வி கேட்கும் உரிமை எல்லாருக்கும் இருக்க வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. உரிமை இருக்கிறது என்பதால் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் நல்ல காரியமாகிவிடாது என்பதும் உண்மை. எது நல்லது, எது வெறும் வம்பு என்று பிரிக்க நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்த நம்பிக்கைக்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? நம்புகிறவரே கொடுக்கிறாரா, அவருக்காக வேறு யாரோ கொடுக்கிறார்களா?

ஒருவர் நோன்பு இருக்கிறார், வெறுங்காலோடு மலையேறுகிறார், சம்பாத்தியத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகப் போடுகிறார். எனக்கு அதில் அர்த்தம் புரியாமல் போகலாம். உடம்பு அவருடையது, காசு அவருடையது. போய் மல்லுக்கு நிற்க எனக்கு என்ன வேலை? அதே ஆள் தன் நம்பிக்கைக்காக மகளின் படிப்பை நிறுத்துகிறார், காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு மருந்து கொடுக்க மறுக்கிறார், இன்னொரு மனிதரை வாசலுக்கு வெளியே நிற்க வைக்கிறார் என்றால் கதை வேறு. அங்கே வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் தப்பு.

"பெரியவர்கள் வைத்துவிட்டுப் போனதை மாற்ற நீ யார்?" என்று உடனே கேட்பார்கள். இதற்கு நீளமாகப் பதில் சொல்லத் தேவையில்லை. இன்று நாம் மரபு என்று கும்பிடுகிறவற்றில் பல, ஒரு காலத்தில் மரபை எதிர்த்துப் பிறந்தவை. வேள்வியில் உயிர்ப்பலி கொடுப்பதைப் புத்தர் ஏற்கவில்லை. வழிவழியாக வருகிறது, நூலில் இருக்கிறது, குரு சொன்னார் என்பதற்காக மட்டும் ஒன்றை ஏற்காதீர்கள் என்று அவர் காலாமர் என்ற குலத்தாருக்குச் சொன்னதாகப் பாலி மொழியில் உள்ள பௌத்த நூல்களில் இருக்கிறது. ஓய்வுநாள் விதியை மீறி இயேசு நோயாளிகளைக் குணமாக்கினார் என்கின்றன சுவிசேஷங்கள். மெக்காவின் பழைய தெய்வங்களை மறுத்ததால்தான் நபிகள் 622-இல் ஊரைவிட்டே கிளம்ப வேண்டி வந்தது. ஆக, கேள்வி கேட்பது மதத்துக்கு வெளியிலிருந்து வந்த தொற்று என்று யாராவது சொன்னால், அவர் தன் மதத்தின் கதையையே சரியாகக் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

கேள்வி எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள எனக்கு மிகவும் உதவியது அமெரிக்கக் குவேக்கர்களின் கதை. குவேக்கர்கள் கிறிஸ்தவத்தில் ஒரு சிறு பிரிவினர். போர் கூடாது, பகட்டு கூடாது, எல்லா மனிதருக்குள்ளும் இறைவனின் ஒளி இருக்கிறது என்பவர்கள். இவ்வளவும் சொல்லிக்கொண்டே அவர்களில் வசதியான பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். 1688-இலேயே பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நாலு பேர் கையெழுத்துப் போட்டு, இது தவறு என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்திலிருந்து அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாள் போனது. விஷயம் பெரியது, எங்களால் முடிவு சொல்ல முடியாது என்று ஒவ்வொருவரும் மேலே தள்ளிவிட்டார்கள். கடைசியில் அப்படியே கிடப்பில் போட்டார்கள். அலுவலகக் கோப்பைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அரை நூற்றாண்டு கழித்து, 1738-இல், நியூ ஜெர்சியின் பர்லிங்டனில் ஆண்டுக் கூட்டம். பெஞ்சமின் லே என்பவர் உள்ளே வருகிறார். நாலடிதான் உயரம், முதுகு கூன் விழுந்தவர், முன்னாள் மாலுமி. பார்படாஸ் தீவில் அடிமைகள் படும் பாட்டைக் கண்ணால் பார்த்தவர். மேலே குவேக்கர்களின் எளிய அங்கி, உள்ளே ராணுவ உடை, இடுப்பில் வாள். கையில் பைபிள் போலத் தெரியும் ஒரு புத்தகம். அதன் உள்பக்கத்தைக் குடைந்து, சிவப்புப் பழச்சாறு நிரப்பிய தோல்பையை வைத்திருந்தார். சக மனிதரை அடிமையாக்குகிறவர்களை ஆண்டவர் இப்படித்தான் பார்க்கிறார் என்று பேசிவிட்டு, அங்கியைக் கழற்றி, வாளை உருவிப் புத்தகத்தைக் குத்தினார். ரத்தம் போன்ற சாறு பீறிட்டுப் பக்கத்தில் இருந்தவர்கள் மேல் தெறித்தது. ஆயுதத்தைத் தொடுவதே பாவம் என்றிருந்த கூட்டம் அது. அவரைத் தூக்கி வெளியே போட்டார்கள். சபையிலிருந்தும் விலக்கினார்கள்.

அதே நியூ ஜெர்சியில் ஜான் உல்மன் என்று இன்னொருவர். தையல்காரர், அமைதியான ஆள். இளைஞராகக் கடையில் வேலை பார்த்தபோது, முதலாளி ஓர் அடிமைப் பெண்ணை விற்பதற்கான பத்திரத்தை எழுதச் சொன்னார். உல்மன் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் மனசு ஒப்பவில்லை. இது கிறிஸ்தவ நெறிக்குப் பொருந்தாது என்று நான் நினைக்கிறேன் என்று முதலாளியிடமும் வாங்கியவரிடமும் சொன்னார். பிற்பாடு, அடிமைகளைச் சொத்தாகப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கும் உயில்களை எழுதித்தர மறுத்தார். வருமானம் போனது. பயணத்தில் அடிமை வைத்திருக்கும் வீட்டில் தங்க நேர்ந்தால், தனக்குப் பணிவிடை செய்தவர்களுக்குக் கூலி என்று காசு கொடுத்துவிட்டுக் கிளம்புவார். திட்டு கிடையாது, பிரசங்கம் கிடையாது. அந்தக் காசைப் பார்க்கும் வீட்டுக்காரருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1758-இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம், அடிமைகளை வாங்கி விற்பவர்களுக்குச் சபை நிர்வாகத்தில் இடமில்லை என்று முடிவெடுத்தது. அடிமை வைத்திருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துப் பேச ஒரு குழு போட்டார்கள், அதில் உல்மனும் இருந்தார். செய்தி லேவின் காதுக்கு எட்டியது. அடுத்த ஆண்டு அவர் இறந்தார். 1776-இல், அடிமைகளை விடுவிக்காதவருக்குச் சபையிலேயே இடமில்லை என்றாயிற்று.

இந்தக் கதையைச் சொன்னால் பெரும்பாலானவர்கள் உல்மன் பக்கம் சாய்ந்து, "பார்த்தீர்களா, பதமாகச் சொன்னால் கேட்பார்கள்" என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதமாக எழுதிக் கொடுத்த 1688-ஆம் ஆண்டுத் தாளுக்கு என்ன ஆனது என்று பார்த்தோம். லே மாதிரி ஒருவர் வந்து, இனிமேல் பார்க்காத மாதிரி நடிக்க முடியாது என்ற நிலையை உண்டாக்கினார். உல்மன் வந்து, மானம் கெடாமல் வெளியே வருவதற்கு ஒரு வழியைக் காட்டினார். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்ததுதான் எனக்கு முக்கியம். இருவரும் உள்ளே இருந்தவர்கள், இருவரும் கைக்காசையும் சௌகரியத்தையும் இழந்தவர்கள். அடிமை உழைப்பில் விளைந்த எதையும் தொட மாட்டேன் என்று லே தன் துணியைத் தானே நெய்துகொண்டார். உல்மன் சர்க்கரையைக்கூட விட்டார். அடுத்தவர் நம்பிக்கையைக் குடைகிறவர் தனக்கு ஒரு நஷ்டமும் இல்லாமல் குடைகிறார் என்றால், எனக்கு அவர்மேல் கொஞ்சம் சந்தேகம் வரும்.

வேடிக்கை என்னவென்றால், அடிமை முறையை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஒரே பைபிளிலிருந்துதான் வசனம் எடுத்தார்கள். வேலைக்காரர்கள் எஜமானர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனம் ஒரு பக்கம். மற்றவர் உனக்கு எதைச் செய்ய விரும்புகிறாயோ அதையே நீ அவர்களுக்குச் செய் என்ற வசனம் மறுபக்கம். இங்கே வங்காளத்திலும் அதேதான் நடந்தது. விதவைகளுக்கு மறுமணம் செய்துவைக்கலாம் என்று ஈஸ்வரசந்திர வித்யாசாகர் 1855-இல் எழுதியபோது, அவர் கையில் எடுத்தது பராசர ஸ்மிருதி என்ற பழைய தரும நூலின் ஒரு சுலோகம். கணவன் காணாமல் போனால், இறந்தால், துறவியானால், ஆண்மையற்றவனானால், பதிதனானால் (சாதியிலிருந்து தள்ளப்பட்டவனானால்) பெண் வேறு கணவனைக் கொள்ளலாம் என்று அது சொல்கிறது. கலியுகத்துக்குப் பராசரர்தான் பிரமாணம் என்பது அவர் வாதம். அது நிச்சயம் மட்டும் ஆன பெண்ணைப் பற்றியது, கல்யாணம் ஆனவளைப் பற்றியது இல்லை என்று எதிர்த்தரப்புப் பண்டிதர்கள் மறுப்பு எழுதினார்கள். அரசாங்கத்துக்குப் போன மனுக்களில் எதிர்த்தவர்களின் கையெழுத்துகள்தான் பல மடங்கு அதிகம். ஆனாலும் 1856-இல் சட்டம் வந்தது.

சுலோகம் கிடைத்ததால் வித்யாசாகருக்கு இரக்கம் வந்தது என்று நான் நம்பவில்லை. இரக்கம் முதலில் வந்தது, சுலோகத்தை அப்புறம்தான் தேடினார். ஊர்க்காரர்களுக்கு அவர்கள் பாஷையில்தான் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அந்தச் சுலோகம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்? சின்ன வயதில் விதவையாகி மூலையில் உட்கார்த்தி வைக்கப்பட்ட பெண்ணின் பாடு அப்போதும் அதே பாடுதான். அதனால், உள்ளே இருந்து, நூலை வைத்துக்கொண்டு வாதாடுவது நல்ல உத்தி என்று ஒப்புக்கொள்வேன். அது மட்டும்தான் நியாயமான வழி என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேரளத்தில், கோயிலுக்குள் விடாமல் ஒதுக்கப்பட்ட ஈழவச் சாதியில் பிறந்த நாராயண குரு 1888-இல் அருவிப்புறத்தில் யாரிடமும் வாதாடவில்லை. ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்தார், சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். அதைச் செய்ய உனக்கு என்ன அதிகாரம் என்று கேட்டவர்களுக்கு, நான் வைத்தது ஈழவச் சிவனைத்தானே என்றாராம். திருவிதாங்கூரில் அரசின் கோயில்களை எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிடும் பிரகடனம் வர 1936 ஆனது.

சட்டம் வந்துவிட்டால் முடிந்ததா? இல்லை. வித்யாசாகரின் சட்டத்துக்குப் பிறகு நடந்த மறுமணங்கள் சொற்பம். பல கல்யாணங்களுக்கு அவரே கைக்காசு போட்டுக் கடனாளியானார். 1870-இல் தன் மகனுக்கே ஒரு விதவையைக் கட்டி வைத்தார். ஏன் மற்றவர்கள் முன்வரவில்லை? முட்டாள்தனம், பிடிவாதம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நிஜக் காரணம் பெரும்பாலும் வேறு. நம்பிக்கை போன பிறகும் பழக்கம் நிற்கும், ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் நம்புகிறார் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். என் மகளுக்கு மட்டும் வழக்கத்தை விட்டால் அவளை யார் கட்டுவார்கள் என்ற பயம் ஒரு தாய்க்கு வெறும் பயம் இல்லை, சரியான கணக்கு.

இதை எனக்குத் தெரிந்து மிகத் தெளிவாகப் பார்த்தவர் ஒரு பேராசிரியர் இல்லை, செனகல் நாட்டுக் கிராமத்து இமாம் ஒருவர். அந்த நாட்டில் சில சமூகங்களில் சிறுமிகளின் பிறப்புறுப்பைச் சிதைக்கும் வழக்கம் இருந்தது. மதம் சொல்கிறது என்றே பலர் நம்பினார்கள், குர்ஆனிலோ அப்படி ஒரு கட்டளை கிடையாது. டோஸ்டான் என்ற அமைப்பு நடத்திய வகுப்புகளில் உடல்நலம், மனித உரிமை என்று படித்த மலிகுண்டா பம்பாரா கிராமத்துப் பெண்கள், 1997-இல் இனி இதைச் செய்ய மாட்டோம் என்று ஊரறிய அறிவித்தார்கள். அக்கம்பக்கத்தில் ஒரே கோபம். அப்போது டெம்பா டியாவரா என்ற இமாம் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: நாம் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள் எத்தனையோ, ஓர் ஊர் மட்டும் விட்டால் அந்த ஊர்ப் பெண்களுக்கு மாப்பிள்ளை கிடைக்காது, விட்டால் எல்லாரும் சேர்ந்துதான் விட வேண்டும். சொல்லிவிட்டு உட்காரவில்லை. உறவுமுறைக் கிராமங்களுக்கு நடந்தே போய்ப் பேசினார். 1998-இல் பல கிராமங்கள் கூட்டாக அறிவித்தன. அதற்குப் பிறகுதான், 1999-இல், நாட்டில் தடைச்சட்டம் வந்தது. சீனாவில் பெண்களின் பாதங்களைக் கட்டிச் சுருக்கும் வழக்கத்தை ஒழித்ததிலும் இதே உத்திக்குப் பங்கு உண்டு. பெற்றோர் சங்கமாகச் சேர்ந்து, மகளின் காலைக் கட்ட மாட்டோம், கால் கட்டிய பெண்ணை மகனுக்கு எடுக்கவும் மாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள். அந்த இரண்டாவது பாதி இல்லாவிட்டால் முதல் பாதி நின்றிருக்காது.

இவ்வளவு தூரம் கேள்வி கேட்பவர்கள் பக்கமே பேசிவிட்டேன். கேள்வி கேட்டவர்கள் மண்ணைக் கவ்விய ஒரு கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பகுத்தறிவு பேசுகிறவர்கள் இதை அதிகம் சொல்வதில்லை.

இந்தோனேசியாவின் பாலித் தீவில் நெல் வயல்கள் மலைச்சரிவில் படிப்படியாக இறங்குகின்றன. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது, எப்போது நடுவது, எப்போது தரிசாகப் போடுவது என்பதை நீர்க் கோயில்களைச் சுற்றி அமைந்த விவசாயிகளின் கூட்டமைப்புகள், சடங்குகளின் கால அட்டவணைப்படி தீர்மானித்து வந்தன. 1970-களில் பசுமைப் புரட்சி வந்தது. புது ரக நெல், ரசாயன உரம், பூச்சிமருந்து. கோயில் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருக்காமல் வருடம் முழுக்க முடிந்த அளவு நடுங்கள் என்று சொல்லப்பட்டது. சாமிக்கும் சாகுபடிக்கும் என்ன சம்பந்தம்? கேட்கிற கேள்வி நியாயம்தானே. ஆனால் சில பருவங்களில் தண்ணீர்ச் சண்டையும் பூச்சியும் தலைதூக்கின. புகையான் என்ற நெற்பூச்சி பெருகியது, நெல்லைத் தாக்கும் துங்ரோ வைரஸ் பரவியது.

விஷயம் இதுதான். கோயில் அட்டவணைப்படி அக்கம்பக்கத்து வயல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அறுவடையாகி, ஒரே நேரத்தில் தண்ணீரில் மூழ்கியோ காய்ந்தோ கிடக்கும். பூச்சிக்கு அப்போது தின்ன ஒன்றும் இருக்காது, பட்டினியில் எண்ணிக்கை குறையும். ஆளாளுக்கு ஒரு நேரத்தில் நட்டால் பூச்சி ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். எல்லாரும் ஒரே நாளில் தண்ணீர் கேட்டால் அதுவும் பற்றாது. இந்த இரண்டுக்கும் நடுவே சரியான அளவைக் கோயில் அமைப்பு பிடித்து வைத்திருந்தது. மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமர் இருவரும் கணினியில் ஒரு மாதிரி வடிவத்தை உருவாக்கிப் பார்த்து, நீர்க் கோயில் அளவிலான ஒத்துழைப்பில்தான் விளைச்சல் நன்றாக வருகிறது என்று காட்டினார்கள். விவசாயிகள் பழைய அட்டவணைக்கே திரும்பிவிட்டிருந்தார்கள். 2012-இல் யுனெஸ்கோ அந்த நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இதை வைத்து, "எங்கள் மரபில் எல்லாமே அறிவியல்தான்" என்று கிளம்பிவிடாதீர்கள். நீர்க் கோயில் நன்றாக வேலை செய்தது என்பது, ஒரு விதவையை ஒதுக்கி வைப்பதற்கு நியாயமாகாது. பாலியில் நடந்த தவறு கேள்வி கேட்டதில் இல்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இந்தச் சடங்கு இங்கே என்ன வேலை செய்கிறது என்று விசாரிக்காமல் அப்புறப்படுத்தினார்கள். அந்தத் தவறுக்கான விலையைக் கொடுத்தது யார் என்று பார்த்தால், அதிகாரிகள் இல்லை, விவசாயிகள்.

துப்பாக்கி முனையில் நம்பிக்கையை ஒழிக்கப் பார்த்தவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. மாஸ்கோவில் மீட்பர் கிறிஸ்து பேராலயத்தை 1931-இல் சோவியத் ஆட்சியாளர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அங்கே கட்ட நினைத்த மாளிகை எழும்பவே இல்லை. பள்ளம் பல வருடம் நீச்சல்குளமாக இருந்தது. பிறகு அதே இடத்தில் அதே கோயிலைக் கட்டி 2000-இல் அர்ப்பணித்தார்கள். அல்பேனியா 1967-இல் மசூதி, தேவாலயம் எல்லாவற்றையும் மூடித் தன்னை நாத்திக நாடு என்று அறிவித்தது. 1990-இல் தடை போயிற்று, ஜனங்கள் மறுபடியும் கும்பிட ஆரம்பித்தார்கள். இதன் மறுபக்கமும் அவ்வளவு அசிங்கம்தான். 1697-இல் எடின்பரோவில் தாமஸ் எய்கன்ஹெட் என்ற 20 வயது மாணவர், மதத்தைக் கிண்டலாகப் பேசினார் என்று சக மாணவர்கள் சாட்சி சொல்ல, தூக்கில் போடப்பட்டார். தெய்வநிந்தனைக்காக பிரிட்டனில் தூக்கிலிடப்பட்ட கடைசி மனிதர் அவர். கேட்டால் சாவு, கும்பிட்டால் சிறை என்ற இரண்டிலும் உண்மை தெரிந்துகொள்ள வழியே இல்லை. பயத்தில் வாய் மூடியிருக்கும் கூட்டத்தில் யார் நிஜமாக நம்புகிறார் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மனம் புண்படுகிறதே, அதற்கு என்ன சொல்கிறாய் என்பீர்கள். புண்படும், மறுக்கவில்லை. சின்ன வயதில் அம்மா மடியில் உட்கார்ந்து கற்றதை ஒருவர் பொய் என்றால் வலிக்காமல் இருக்குமா? ஆனால் என் மனம் வலிப்பதும் இன்னொருவர் உடம்பு வலிப்பதும் ஒரே தராசில் நிற்காது. பர்லிங்டன் கூட்டத்தில் சாறு தெறித்தவர்களுக்கும் மனம் புண்பட்டிருக்கும்தான். அதே சமயம், யார் யாரைக் கேட்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அதிகாரத்தில் இருக்கும் பெரும்பான்மை, ஒதுங்கி வாழும் சிறு கூட்டத்தின் சடங்கைப் பொது இடத்தில் கேலி செய்வதற்கு நான் துணிச்சல் என்று பெயர் வைக்க மாட்டேன். சொந்தக் கூட்டத்தின் முன்னால் நின்று அதே மாதிரிக் கேள்வியைக் கேட்கட்டும், அப்போது பார்க்கலாம். சாவு வீட்டில், மகனைப் பறிகொடுத்த தாய் "அவன் சொர்க்கத்தில் இருப்பான்" என்று சொல்லும்போது, ஆதாரம் கேட்கிறவன் அறிவாளி இல்லை. அந்த நம்பிக்கையால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

இந்தக் கதைகளில் எனக்கு உறுத்தும் ஒன்று பாக்கி இருக்கிறது. 1855-இன் வங்காளத்தில் மறுமணம் பற்றி எழுதிக் குவித்தவர்களில், ஆதரவாக எழுதியவர்களும் எதிராக எழுதியவர்களும் பெரும்பாலும் ஆண்கள். எந்தப் பெண்களைப் பற்றி அவ்வளவு பேச்சோ, அவர்கள் குரல் அதில் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஜெர்மன்டவுன் தாளில் கையெழுத்துப் போட்ட நாலு பேரும் சுதந்திர மனிதர்கள். மலிகுண்டா பம்பாராவில்தான் அந்த வழக்கத்துக்கு உட்பட்டவர்களே எழுந்து பேசினார்கள். நாளைக்கு உங்கள் நம்பிக்கையை ஒருவர் கேள்வி கேட்டால், அவர் நாத்திகரா, வேற்று மதத்தவரா, மரியாதையாகக் கேட்டாரா என்று ஆராய்வதற்கு முன்னால், அந்த நம்பிக்கையால் கஷ்டப்படுகிறவர் உங்கள் வீட்டிலோ ஊரிலோ இருக்கிறாரா என்று தேடி, அவரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள். அவர் பயப்படாமல் பேசுகிற சூழ்நிலை இருந்தால் பாதி வாதத்துக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். அந்தச் சூழ்நிலை இல்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான்.